ரோஸ் கலர் வாஷ்பேசினும் ஒரு டின் பெயிண்ட்டும்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் தெரியுமா? ஹாலை என்று நினைத்தால் தப்பு. ஹாலில் சும்மா ஒரு சுற்று சுற்றுவார்கள். சமையலறையில் மேடை எவ்வளவு நீளம், சிலிண்டர் எங்கே வைப்பது என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் குடும்பத் தலைவி மட்டும் மெதுவாகப் போய் பாத்ரூம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். தீர்ப்பு அங்கேதான்!

தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு தெருவில் 1991-இல் கட்டிய வீடு ஒன்று. மாடியில் வீட்டுக்கார அம்மா, கீழே வாடகைக்கு ஒரு போர்ஷன். அந்த அம்மாவுக்குத் தெருவில் பெயர் ‘சத்துணவு டீச்சர்’. உண்மையில் அவர் டீச்சர் இல்லை. ஒரு அரசுப் பள்ளியில் 27 வருஷம் சத்துணவு அமைப்பாளர். ஆனால் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிற எல்லோரும் நம் ஊரில் டீச்சர்தானே! கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பென்ஷன் என்று வருவது மளிகைக்கே பத்தாது. கீழ் போர்ஷனின் வாடகை 8,500 ரூபாய்தான் அவருக்கு மருந்து, கரண்ட் பில், எல்லாம்.

2022 டிசம்பரில் கீழே இருந்தவர்கள் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கிய அட்வான்ஸ் 50,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததில் பேங்க் பாஸ்புக் கிட்டத்தட்ட காலி. பரவாயில்லை, தை பிறந்தால் வேறு ஆள் வந்துவிடும் என்று இருந்தார். தை போனது. மாசி போனது. வந்தவர்கள் எல்லோரும் ஹாலைப் பார்த்துச் சிரித்தார்கள், பாத்ரூமைப் பார்த்து “சொல்லி அனுப்பறோம்மா” என்றார்கள்.

சொல்லி அனுப்பாததற்குக் காரணம் ஒரு ரோஸ் கலர் வாஷ்பேசின்.

*

அந்த பேசினுக்கும் ஒரு காலம் இருந்தது. குளியலறைச் சாமான்கள் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்கிற பழக்கத்தை உடைத்து, அமெரிக்காவில் கோலர் கம்பெனி 1927-இலேயே கலர் கலராக விற்க ஆரம்பித்தது. அந்த மோகம் நம்ம ஊர் நடுத்தர வீடுகளுக்கு மெதுவாகத்தான் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலும் கட்டிய வீடுகளில் போய்ப் பாருங்கள். ரோஸ், வான நீலம், இளம் பச்சை... இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். அன்றைக்குக் கலர் பேசின் வைப்பது ஒரு கெத்து. டீச்சரின் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். தன் இன்ஜினியர் வீட்டில் பார்த்த அதே ரோஸைத் தேடி வாங்கி, சுவரில் மாட்டாமல், செங்கல் மேடை கட்டி, மேலே மொசைக் போட்டு, அதற்குள் பேசினைப் பதித்து வைத்தார். 1991-இல் அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு மேடை கிடையாதாம்.

32 வருஷம் கழித்து அதன் நிலைமை? போர்வெல் தண்ணீரின் உப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாய் சொட்டுகிற இடத்தில் துருக் கறை ஒரு நாக்கு மாதிரி கீழே இறங்கியிருந்தது. பளபளப்பு போய், தொட்டால் சொரசொரப்பு. மேடையில் இருந்த மொசைக்கோ சின்னச் சின்னக் குழிகளாகி, குழிக்குள் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் அதைச் சுத்தம் செய்யாமல் விட்டதால் இப்படி ஆகவில்லை. சுத்தம் செய்து செய்தே இப்படி ஆனது! கடையில் பாட்டிலில் விற்கிற ‘பாத்ரூம் ஆசிட்’ இருக்கிறதே, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக் கறையைக் கரைக்கும். நுரை பொங்கும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். ஆனால் மொசைக்கில் இருக்கிற சில்லுகள் பெரும்பாலும் மார்பிள். மார்பிளும் கால்சியம் கார்பனேட், உப்புக் கறையும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட். ஆசிட்டுக்கு எது கறை, எது கல் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் தின்றது. பேசினின் மேல் பூச்சு கண்ணாடி மாதிரியான ஒரு படலம். ஆசிட்டோடு கம்பி நாரும் சேர்ந்து அதன் வழவழப்பையும் எடுத்துவிட்டது. வழவழப்பு போனால் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். அழுக்கு பிடித்தால் இன்னும் கொஞ்சம் ஆசிட். இப்படியே 32 வருஷம்.

*

முதலில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார் டீச்சர். அவர் உட்கார்ந்து பார்த்து, மேடையைத் தட்டிப் பார்த்து, “பேசினை மட்டும் எடுக்க முடியாது டீச்சர். மொசைக்கை உடைக்கணும். உடைச்சா பின்னாடி டைல்ஸ் பேர்ந்துடும். உள்ள போறது பழைய ஜி.ஐ. பைப். அதைத் தொட்டா அதையும் மாத்தணும்” என்றார். எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய்.

பி.காம். முதல் வருஷத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று பக்கம் பக்கமாக எழுத வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உடைத்துக் கட்டினால் மூலதனச் செலவு. பல வருஷம் பலன் தரும். பெயிண்ட் அடித்தால் வெறும் பராமரிப்புச் செலவு. பரீட்சைக்கு இந்த விடை போதும். ஆனால் பாஸ்புக்கில் ஆறாயிரம் மட்டும் இருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டில் எதைச் செய்வது என்கிற கேள்வியே கிடையாது. வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்ததில் போன வாடகை 25,500. கிட்டத்தட்ட கொத்தனார் கேட்ட அதே தொகை! அந்தக் கணக்கையும் டீச்சர் தன் நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தார். எழுதி வைத்தால் பணம் வந்துவிடுமா?

அப்போது தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் சொன்னார். “கேட்டுக்கு அடிச்ச வெள்ளை எனாமல் மிச்சம் இருக்கு. ஐநூறு ரூபா குடுங்கம்மா, ஒரு மணி நேரத்துல புதுசாக்கிடறேன்.”

சொன்னபடி ஒரு மணி நேரத்தில் முடித்தார். ஈரத் துணியால் ஒரு துடை, இரண்டு கோட் எனாமல். பளிச்! ரோஸ் இருந்த சுவடே இல்லை. டீச்சரே கதவைத் திறந்து திறந்து பார்த்தாராம்.

அந்த வாரமே ஒரு குடும்பம் வந்து பார்த்து, பிடித்துப்போய், 2,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது. பெயிண்ட் அடித்த பேசின் என்று அவர்கள் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே... அப்படித்தான் அன்றைக்கு நினைத்தார்.

ஒன்பது நாள் கழித்து அவர்கள் பால் காய்ச்ச வந்தார்கள். இடையில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சொட்டு விழுந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, வெங்காயச் சருகு மாதிரி உரிந்து தொங்கியது. வந்த வீட்டுப் பெரியவர் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. கீழே அதே ரோஸ், அதே கறை.

“மேக்கப் போட்டு ஏமாத்தறீங்களாம்மா? இதுலயே இப்படின்னா மத்தது எப்படியோ?”

டோக்கனை வாங்கிக்கொண்டு, காய்ச்சாத பாலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

27 வருஷம் முட்டைக் கணக்கு எழுதியவர் அந்த அம்மா. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை முட்டை வேகவைத்தது, எத்தனை உடைந்தது என்று தினமும் எழுதி, எந்த ஆய்விலும் ஒரு முட்டை குறைந்தது கிடையாது. வெளியாள் ஒருவர் வாசலில் நின்று ‘ஏமாத்தறீங்களா’ என்று கேட்டதும், அந்த ஆள் கேட்டது பாதி சரிதான் என்று தனக்கே தெரிந்ததும்... இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

*

மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் மகள் வந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். விஷயத்தைக் கேட்டவள் நேராகக் கீழே போய் பேசினைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

“அத்தை, பெயிண்ட் அடிச்சது தப்பில்லை. கண்ணாடி மேல அடிச்சிருக்கார். கண்ணாடியில எது ஒட்டும்?”

விஷயம் அதுதான். பீங்கான் பேசினைச் சூளையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலே சுடும்போது மேல் பூச்சு உருகிக் கண்ணாடியாகிவிடுகிறது. எதுவும் ஒட்டக் கூடாது, தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே போடுகிற பூச்சு அது. சோப்பு அழுக்குக்கு மேல், உப்புப் படிவுக்கு மேல், ஈரத்தோடு எனாமலை அடித்தால் அது பேசினில் ஒட்டவில்லை, அழுக்கில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு கிளம்பும்போது கூடவே கிளம்பிவிடும்.

இரண்டு பேரும் தெருமுனையில் கார் டிங்கரிங், பெயிண்டிங் செய்கிற கடைக்காரரிடம் போய்க் கேட்டார்கள். அவர் அனுபவஸ்தர். “வீட்டு எனாமல் நிக்காது டீச்சர். ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி வாங்குங்க. ஆனா அடிக்கிறது கடைசி வேலை. தேய்க்கிறதுதான் வேலை. எங்ககிட்ட ஒரு கார் நாலு நாள் நின்னா மூணு நாள் தேய்ப்புதான்” என்றார். பழைய எனாமலை எடுக்க, கடையில் இருந்த பெயிண்ட் ரிமூவர் டின்னையும் நீட்டினார்.

அண்ணன் மகள் டின்னைத் திருப்பிப் படித்துவிட்டு, “இது வேண்டாம் அண்ணா” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அந்த மாதிரி ரிமூவர்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்கிற திரவம் இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜன்னல் வழியாக மேலே போகாமல் தொட்டிக்குள்ளும் தரையிலும் தேங்கி நிற்கும். பழைய குளியல் தொட்டிகளுக்குப் புதுப் பூச்சு போடுவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழில். அந்த வேலை செய்யும்போது இந்த ஆவியைச் சுவாசித்து 2000-க்கும் 2011-க்கும் இடையில் 13 பேர் இறந்துபோனதாக அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. தொட்டிக்குள் குனிந்து வேலை செய்தவர்கள் அப்படியே மயங்கி விழுந்திருக்கிறார்கள். 2019-இல் இந்த ரசாயனம் உள்ள பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதையே அங்கே தடை செய்தார்கள். நான்கடிக்கு ஐந்தடி பாத்ரூமில், ஒரே ஒரு சின்ன வென்டிலேட்டரை நம்பி அதைத் திறக்கலாமா? சொல்லுங்கள்.

*

இனி அவர்கள் செய்த வேலை. வரிசையாகச் சொன்னால் யாருக்காவது உபயோகப்படும். 2023 மே மாதம், கத்திரி வெயில்.

முதல் நாள் முழுக்க உரிப்பு. பேசினுக்குக் கீழே இருக்கிற ஆங்கிள் காக்கை மூடி, குழாயைக் கழற்றி, அடியில் இருக்கும் வேஸ்ட் கப்ளிங்கையும் கழற்றியாயிற்று. குழாய் இருந்த ஓட்டையில் துணி. சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. பிறகு பிளேடால் எனாமலை ஈரம் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார்கள். ஏன் ஈரம்? பழைய பெயிண்ட்டுகளில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. யார் வீட்டு மிச்சமோ, எந்த வருஷத்து டின்னோ! தூளாகப் பறக்கவிடாமல் ஈரத்தோடு வழித்துக் காகிதத்தில் கட்டிப் போட்டார்கள்.

இரண்டாம் நாள் கழுவல். ஆசிட் இல்லை. சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து பேசினின் உப்புப் படிவின் மேல் மட்டும் போட்டு ஊறவைத்தார்கள். மொசைக் பக்கம் அதைக் கொண்டு போகவில்லை, ஏனென்று மேலேயே பார்த்தோம். அங்கே சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான். பிறகு எல்லாவற்றையும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை, நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவினார்கள்.

மூன்றாம் நாள் தேய்ப்பு. வாட்டர் பேப்பர், 320 நம்பரும் 400 நம்பரும். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். எவ்வளவு நேரம்? மிச்சம் இருக்கிற பளபளப்பு முழுக்கச் சாகிற வரைக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கேயும் மின்னக் கூடாது. மின்னுகிற இடம்தான் நாளைக்கு உரியப் போகிற இடம். நாலு மணி நேரம் தேய்த்த பிறகு டீச்சர் நிமிர்ந்து, “ஏன்டி, நல்லா இருந்ததையும் சேர்த்துக் கெடுக்கறோமே” என்றாராம். பார்க்க அப்படித்தான் இருந்தது. ரோஸ் போய், வெளிறிய ஒரு சாம்பல் ரோஸ். முன்பைவிட அசிங்கம்.

குழிகளையும், வேஸ்ட் ஓட்டையைச் சுற்றி இருந்த மயிரிழை விரிசலையும் எம்-சீல் வைத்து அடைத்து, அது இறுகியதும் மறுபடி தேய்ப்பு. சுவர் பட்டியை இங்கே வைக்கவே கூடாது, தண்ணீர் பட்டால் ஊறிப்போகும்.

நான்காம் நாள் ஒன்றும் செய்யவில்லை. இதுதான் ரொம்பக் கஷ்டமான நாள்! மொசைக் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும். ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி மேடையில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டார்கள். காலையில் கவருக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அப்படியானால் உள்ளே ஈரம். இன்னும் ஒரு நாள் ஃபேனைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆறாம் நாள் காலையில் கவர் உலர்ந்திருந்தது.

பிறகுதான் பெயிண்ட் டின்னையே திறந்தார்கள். இரண்டு டப்பா. ஒன்றில் எபாக்ஸி, இன்னொன்றில் ஹார்டனர். எனாமல் காற்றில் காய்கிறது. இது காய்வதில்லை, இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாகிறது. அதனால் அளவு தப்பினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. அவர்கள் வாங்கிய டின்னில் மூன்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. லேப்காரி ஆயிற்றே, சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தாள்! கலந்ததும் சூடேறும். ஆழமான டம்ளரில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடு தாங்காமல் டம்ளருக்குள்ளேயே கல்லாகிவிடும். கத்திரி வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான ட்ரேயில் ஊற்றிக்கொண்டு, ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாக ஒரு கோட். கையில் கிளவுஸ், முகத்தில் ரசாயன ஆவிக்கான ஃபில்டர் வைத்த மாஸ்க், கதவு திறப்பு, வாசல் பக்கம் பார்த்து ஃபேன். ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து, பிறகு வாழ்க்கை முழுக்க விடாது.

முதல் கோட்டில் ரோஸ் லேசாகத் தெரிந்தது. டீச்சருக்குப் பயம், இன்னும் கெட்டியாக அடிக்கலாமா என்றார். அண்ணன் மகள் விடவில்லை. கெட்டியாக அடித்தால் வழியும், வழிந்த இடம் சரியாக இறுகாது. அன்று சாயங்காலம் இரண்டாவது கோட், மறுநாள் காலை மூன்றாவது.

அப்புறம் ஏழு நாள் பூட்டு. தொட்டால் ஒட்டாமல் இருப்பதற்கு ஒரு நாள் போதும். ஆனால் தண்ணீரும் சோப்பும் தாங்குகிற அளவு இறுக ஒரு வாரம் வேண்டும். இந்த ஏழு நாளில் இரண்டு பேர் வீடு கேட்டு வந்தார்கள். “அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பினார் டீச்சர். கையில் காசு இல்லாதபோது வருகிற ஆளைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எட்டாவது நாள் குழாயை மாட்டி, புது வாஷர் போட்டு, ஓரத்தில் சிலிக்கான் வைத்து மூடினார்கள்.

நோட்டில் எழுதிய கணக்கு: எபாக்ஸி 960, தின்னர் 150, எம்-சீல் 80, வாட்டர் பேப்பர் 120, ரோலரும் பிரஷ்ஷும் 210, டேப் 90, கிளவுஸும் மாஸ்கும் 240, சிட்ரிக் ஆசிட் 90, சிலிக்கான் டியூப் 200. ஆக மொத்தம் 2,140 ரூபாய். கூலி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

*

ஜூன் முதல் வாரம் ஒரு இளம் தம்பதி, கூடவே பையனின் அம்மா. டீச்சர் அவர்களை ஹாலுக்குக் கூட்டிப் போகவில்லை. நேராக பாத்ரூம் கதவைத் திறந்தார்.

“முதல்ல இதைப் பாத்துடுங்கம்மா. இந்த பேசின் 32 வருஷத்துப் பழசு. ரோஸ் கலர். மேல பெயிண்ட் அடிச்சிருக்கோம், மேடைக்கும் அதேதான். ஆசிட் ஊத்தக் கூடாது, கம்பி நார் போடக் கூடாது, கொதிக்கிற தண்ணிய நேரா ஊத்தக் கூடாது. சோப்புத் தண்ணியும் துணியும் போதும். பேந்துச்சுன்னா என்கிட்ட சொல்லுங்க, நான் சரி பண்ணித் தரேன். இதுக்காக அட்வான்ஸ்ல ஒரு ரூபா பிடிக்க மாட்டேன்.”

பையனின் அம்மா குனிந்து நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தார். வரவில்லை.

“எத்தனை நாள் தாங்கும்?”

“மூணு வருஷம் தாங்கும்னு அண்ணன் பொண்ணு சொல்றா. முன்னாடியும் போகலாம்மா.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவையும் தானாகச் சொல்லி எந்த வீட்டுக்காரரும் அவர்களுக்கு வீடு காட்டியிருக்க மாட்டார்கள் போல. வாடகையில் 500 குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். டீச்சர் யோசித்து, 300 குறைத்தார். அன்றைக்கே டோக்கன் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பால் பொங்கியது.

அந்த 300 ரூபாய் உண்மை சொன்னதற்கான அபராதம் என்று யாராவது சொல்லலாம். டீச்சரின் நோட்டில் அது வேறு மாதிரி இருக்கிறது. உண்மை சொல்லாமல் விட்டதில் ஏப்ரல், மே இரண்டு மாத வாடகை போனது, 17,000 ரூபாய். சொன்னதில் மாதம் 300. எது லாபம்?

2025-இல் வேஸ்ட் கப்ளிங் ஓரத்தில் ஒரு பட்டாணி அளவுக்குப் பெயிண்ட் பேர்ந்தது. குடியிருக்கும் பெண்ணே மாடிக்கு வந்து சொன்னாள். மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியம்தான் இல்லையே! ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்து, உலரவிட்டு, புதிதாக ஒரு சின்ன டப்பா வாங்கித் தொட்டு வைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒட்டு தெரியும். தெரிந்தால் என்ன?

பேர்ந்த அந்தப் பட்டாணி அளவு இடத்தில் கொஞ்ச நேரம் ரோஸ் தெரிந்ததாம். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “அவர் வாங்கினது உள்ளதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரோஸ் பேசினோ நீல பேசினோ இருந்தால், உடைக்கப் பணம் இல்லையென்றால், பெயிண்ட் அடிக்கலாம். தாராளமாக அடிக்கலாம். முதலில் வாட்டர் பேப்பரை எடுங்கள், பிரஷ் அப்புறம். வீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், எதன் மேல் அடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.